பிள்ளைத்தாச்சிக்கு எடுத்த டெஸ்ட் புருஷனுக்கு ஏன் இல்லை? வழக்கமான எச்.ஐ.வி. பரிசோதனை: ஓர் எளிய விளக்கம்

மலையகத் தோட்டமொன்றில் நின்றுகொண்டு, "இங்கே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ, அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றுதான் பதில் வரும். ஆனால் அண்மைக் காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரில் அநேகமாக எல்லாருமே அந்த டெஸ்டை எடுத்தவர்கள்தான். கர்ப்பம் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிந்த பிறகு கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள் அல்லவா? இரத்த வகை, இரத்தச்சோகை, சீனி என்று பார்க்கும்போதே சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகப் புறப்பட்ட பெண்களும் அப்படித்தான். 'மெடிக்கல் பாஸ்' ஆகாமல் விசா இல்லை, அந்த மெடிக்கலில் எச்.ஐ.வி.யும் ஒன்று.

அப்படியானால் விடுபட்டவர் யார்? அந்த அக்காவின் புருஷன். அவருடைய தம்பி. கல்யாணம் ஆகாமல் கொழும்பில் கடையில் நிற்கும் மூத்த மகன். இவர்களில் யாரையும் யாரும் கேட்டதில்லை. இரத்த தானம் செய்திருந்தால் அந்த இரத்தத்தைச் சோதித்திருப்பார்கள், காசநோய் என்று நெஞ்சு நோய் கிளினிக்குக்குப் போயிருந்தால் அங்கே பார்த்திருப்பார்கள். மற்றபடி இல்லை. இத்தனைக்கும் இலங்கையில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் எச்.ஐ.வி. தொற்றாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்ற கேள்விக்குச் சுகாதாரத் துறையில் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு 'வழக்கமான பரிசோதனை' என்று பெயர். எச்.ஐ.வி. டெஸ்டைப் பாலியல் நோய் கிளினிக்கின் கதவுக்குள்ளேயே வைத்திருக்காமல், சாதாரண வைத்தியசாலை வேலைகளில் ஒன்றாக ஆக்கிவிடுவது. சீனி பார்க்கிற மாதிரி, கொலஸ்ட்ரோல் பார்க்கிற மாதிரி, இதையும் பார்ப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கேட்கிற விதம்

பழைய முறையில் டெஸ்ட் எப்படி நடக்கும் என்றால், ஒன்று நீங்களாகவே போய்க் கேட்க வேண்டும், அல்லது டொக்டருக்கு உங்கள் மேல் ஒரு சந்தேகம் வர வேண்டும். இரண்டுமே கஷ்டம். நீங்களாகப் போனால், "ஏன், என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். டொக்டர் கேட்டால், "என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கிறாரே, நான் அந்த மாதிரி ஆளா?" என்ற கோபம். டொக்டருக்கும் இது தெரியும். ஆகவே கேட்க வேண்டிய இடத்தில்கூடக் கேட்காமல் விட்டுவிடுவார். கல்யாணமானவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், வயது ஐம்பத்தைந்து, வெள்ளை வேட்டி. இவரிடம் போய் எப்படிக் கேட்பது?

புதிய முறையில் ஆளைப் பார்த்துக் கேட்பது இல்லை. நீரிழிவு கிளினிக் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு கொப்பியை வைத்துவிட்டு வாங்கில் வரிசையாக இருக்கிறார்கள். ஒருவருடைய முறை வந்ததும் தாதி சொல்கிறார்:

"ஐயா, சீனி பார்க்க இரத்தம் எடுக்கப்போறோம். இங்க வர்ற எல்லாருக்கும் எச்.ஐ.வி. டெஸ்டும் சேர்த்துத்தான் செய்றோம். உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, பரவாயில்ல."

அவ்வளவுதான். கை ஒன்று, ஊசி ஒன்று, குழாய் மட்டும் இன்னொன்று. "வேணாம் மிஸ்" என்று சொன்னால் சீனிக்கு மட்டும் எடுப்பார்கள். அப்படிச் சொன்னதற்காக மருந்தோ கிளினிக் நம்பரோ பாதிக்கப்படக் கூடாது. பழைய முறையில் வேண்டும் என்பவர் வாயைத் திறக்க வேண்டும். புதிய முறையில் வேண்டாம் என்பவர் வாயைத் திறந்தால் போதும். வித்தியாசம் இதுதான், ஆனால் இந்தச் சின்ன மாற்றத்தால் டெஸ்ட் எடுப்பவர்களின் எண்ணிக்கை நிறையக் கூடுகிறது என்பது பல நாடுகளின் அனுபவம். "எல்லாருக்கும்" என்ற ஒரு சொல், சந்தேகத்தின் வாடையை எடுத்துவிடுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது கட்டாயப் பரிசோதனை கிடையாது. சொல்லாமல் எடுப்பதும் கிடையாது. ஒப்பரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எச்.ஐ.வி. பார்த்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. "எங்கள் ஆட்களின் பாதுகாப்புக்காக" என்பார்கள். அது தவறு. எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளது போலவே கையாளுவதுதான் வைத்தியசாலைகளின் அடிப்படை விதி. கையுறையும் ஒழுங்கான ஊசி அகற்றலும்தான் ஊழியரைக் காப்பாற்றும், களவாக எடுத்த ரிப்போர்ட் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறது: சம்மதம், இரகசியம், ஆலோசனை, சரியான முடிவு, தொற்று இருந்தால் சிகிச்சையோடு இணைத்துவிடுவது. இதில் ஒன்று குறைந்தாலும் அதை நல்ல பரிசோதனை என்று சொல்ல முடியாது.

எங்கே ஆரம்பித்தது?

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. 13 வயதிலிருந்து 64 வயது வரையான எல்லாருக்கும், எந்த வைத்தியசாலைக்கு வந்தாலும், எச்.ஐ.வி. டெஸ்டை வழக்கமாகச் செய்யுங்கள், வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள் என்றது. தனியாக ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கவும் தேவையில்லை, பொதுவான சிகிச்சைச் சம்மதமே போதும் என்றது. அடுத்த வருடம், 2007இல், உலக சுகாதார நிறுவனமும் இதே திசையில் வழிகாட்டல் கொடுத்தது. நோயாளி வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் சுகாதார ஊழியரே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து லண்டன் உட்படத் தொற்று அதிகமுள்ள நகரங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வேறு எதற்காக இரத்தம் எடுத்தாலும் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். கை முறிந்து வந்தவர், நெஞ்சு வலி என்று வந்தவர் என்று நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்று இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. அவர்களில் பலர் தாங்களாக ஒருநாளும் டெஸ்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்த முறை வேலை செய்யும் என்பதற்கு நம் கர்ப்பிணித் தாய் கிளினிக்கே சாட்சி. எல்லாத் தாய்மாருக்கும் செய்தபடியால் எந்தத் தாயும் கூசவில்லை. "உனக்கும் எடுத்தாங்களா, எனக்கும் எடுத்தாங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். சரியான நேரத்தில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்ததற்காகத்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. கொழும்பு பெரியாஸ்பத்திரி மட்டும் வாங்கிக்கொடுத்த சான்று இல்லை அது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கிய மிட்வைஃப்மாருக்கும் அதில் பங்கு உண்டு.

உடம்பு சொல்லாத வருடங்கள்

சரி, நோய் வந்தால் உடம்பு காட்டிக்கொடுக்காதா, அப்போது பார்த்தால் போதாதா? இந்தக் கேள்வி நியாயமானது. பதில்: காட்டிக்கொடுக்காது, அதுதான் எச்.ஐ.வி.யின் சங்கடமே.

தொற்றி இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை நோவு, உடம்பில் தடிப்பு வரும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று பரசிட்டமோல் குடித்துவிட்டு எல்லாரும் மறந்துபோவார்கள். அதற்குப் பிறகு எட்டு, பத்து வருடம்கூட ஒரு அறிகுறியும் இருக்காது. ஆள் மலை ஏறுவார், கவ்வாத்து வெட்டுவார், வொலிபோல் ஆடுவார். உள்ளே மட்டும் சிடி4 என்ற வெள்ளை அணுக்கள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். சுகதேகிக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். அது இருநூறுக்குக் கீழே போனால் வேறு நோய்கள் தொற்றி ஆளைக் கீழே தள்ளும். அந்தக் கட்டத்துக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. என்றாலே எயிட்ஸ் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். மருந்து எடுப்பவர்கள் அந்தக் கட்டத்துக்குப் போகாமலே முழு ஆயுளும் வாழலாம்.

அந்த அமைதியான வருடங்களில் அவர் வைத்தியசாலைக்கே போகாமல் இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயிருப்பார். காய்ச்சல், இருமல் என்று ஓ.பி.டி.யில் துண்டு எடுத்திருப்பார். நாக்கில் வெள்ளை படிந்து எரிகிறது என்று காட்டியிருப்பார். காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் வயிற்றோட்டம் என்று வார்டில் இருந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தந்த வருத்தத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். கடைசியில் கண்டுபிடிக்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால், நழுவவிட்ட சந்தர்ப்பங்கள் வரிசையாக நிற்கும்.

அக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டு எரியும் அந்த வருத்தத்துக்குக் காவி குழைத்து 'அக்கி எழுதுகிற' வழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. வயதானவர்களுக்கு அக்கி வருவது சாதாரணம். ஆனால் முப்பது வயதுப் பையனுக்கு அக்கி வந்தால், நோய் எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும். எச்.ஐ.வி. தான் என்று இல்லை, பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு டெஸ்ட் எடுப்பது புத்திசாலித்தனம். காசநோய், பாலியல் நோய்கள், ஈரல் அழற்சி பி, சி, காரணமில்லாத மெலிவு, நீண்ட காய்ச்சல், அடிக்கடி வரும் நிமோனியா, நாக்கில் வெண்படலம் எல்லாம் இந்த வகைதான். இப்படிப்பட்ட வருத்தத்தோடு வருபவர்கள் எல்லாரிடமும் டெஸ்ட் பற்றிச் சொல்லுங்கள் என்பது வழக்கமான பரிசோதனையின் இன்னொரு வடிவம். இங்கே ஆளைப் பார்க்காமல் வருத்தத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். வெள்ளை வேட்டிக்காரருக்கும் அதே கேள்விதான்.

'பொசிட்டிவ்' என்று ஒரு தடவை வந்தால்

அதிகம் பேர் குழம்புகிற இடம் இது என்பதால், கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எந்த டெஸ்டும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. தொற்று இல்லாத ஆயிரம் பேரைச் சோதித்தால் ஐந்து பேருக்குத் தவறுதலாகப் 'பொசிட்டிவ்' காட்டும் ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று வைப்போம். மிக நல்ல டெஸ்ட்தான். இதை ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தொற்று உள்ள ஊரில் பத்தாயிரம் பேருக்குச் செய்கிறோம். உண்மையாகவே தொற்று உள்ளவர்கள் பத்துப் பேர், அவர்களை டெஸ்ட் பிடித்துவிடும். தொற்று இல்லாதவர்கள் 9,990 பேர், அவர்களில் ஏறக்குறைய ஐம்பது பேருக்குப் பொய்யாகப் 'பொசிட்டிவ்' வரும். மொத்தம் அறுபது பேர். ஆகவே முதல் டெஸ்டில் பொசிட்டிவ் வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று இருக்கிறது!

இலங்கையில் பொதுமக்களிடையே தொற்று விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றைவிடவும் குறைவு. ஆகவே இங்கே இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத்தான் வரும். டெஸ்டில் பிழை இருப்பதால் இப்படி ஆகவில்லை. தொற்று குறைவான ஊரில் எந்த நோய்க்கு எந்த நல்ல டெஸ்ட் செய்தாலும் இதுதான் நடக்கும்.

இதற்கு வழி என்ன? முதல் டெஸ்டை வைத்து யாருக்கும் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. அது தேயிலை பெக்டரியில் தூளை முதல் தடவை சலிப்பது போலத்தான். அடுத்தடுத்த சல்லடைகளுக்குப் பிறகுதான் தரம் போட்டு மூட்டையில் கட்டுவார்கள். முதலாவதில் பொசிட்டிவ் வந்தால் வேறு வகையான இரண்டாவது டெஸ்ட், அதிலும் வந்தால் மூன்றாவது. மூன்றிலும் வந்தால்தான் தொற்று உறுதி என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் சொன்னது. நம் ஊரில் உறுதிப்படுத்தும் வேலை, தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கையில் இருக்கிறது. அந்த இடைப்பட்ட நாட்களில் நோயாளியிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரிந்த ஒருவர் அந்த வைத்தியசாலையில் இருக்க வேண்டும். "இன்னொரு தடவை இரத்தம் எடுக்கணும், முதல் டெஸ்ட் தெளிவா வரல" என்று தனியாகக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்வது ஒன்று. வராந்தாவில் பேரைக் கத்திக் கூப்பிட்டு, "உங்க ரிப்போர்ட்ல ஒரு பிரச்சினை" என்பது இன்னொன்று. இரண்டாவது வகைக்கு ஒரு குடும்பம் உடையக்கூடும், பிறகு 'நெகட்டிவ்' என்று வந்தாலும் ஒட்டாது.

அப்படியானால் எல்லாருக்கும் செய்வதா?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் செய்வதை அப்படியே டிக்கோயாவுக்கோ வெலிமடைக்கோ கொண்டுவர வேண்டியதில்லை. ஓ.பி.டி.க்கு வருகிற ஒவ்வொருவருக்கும் டெஸ்ட் செய்தால், ஒரு தொற்றைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கானோரைச் சோதிக்க வேண்டிவரும், அதற்குள் பல பொய்ப் பொசிட்டிவ்கள் முளைக்கும். டொக்டர் ஒரு நோயாளியோடு இரண்டு மூன்று நிமிடம் பேசுவதே பெரிய காரியமாக இருக்கிற ஓ.பி.டி.யில், சம்மதமும் ஆலோசனையும் பேச்சளவில்தான் நிற்கும். தொற்று குறைவான நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது: கர்ப்பிணிகள், காசநோயாளர், பாலியல் நோய் உள்ளவர், சந்தேகத்துக்கிடமான வருத்தங்களோடு வருபவர், தொற்று அதிகமுள்ள சமூகப் பிரிவினர் ஆகியோரிடம் முதலில் போங்கள்.

ஆனால் அந்தப் பட்டியலோடு மலையகத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பேன்: கர்ப்பிணியின் கணவர். மனைவியை வருடக்கணக்காகச் சோதித்து வருகிறோம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அவருக்கு 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டது. ஆனால் கணவருக்குத் தொற்று இருந்து, அதற்குப் பிறகு மனைவிக்குத் தொற்றினால்? அந்த டெஸ்ட் அதைப் பிடிக்காது. தாய்மார் வகுப்புக்கு இப்போது கணவன்மாரையும் கூப்பிடுகிறார்கள். சிலர் வருகிறார்கள், வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எப்படியோ வந்துவிட்டார்கள். அந்த ஒரு நாளிலேயே பிரஷர், சீனி, எச்.ஐ.வி. மூன்றையும் "வர்ற எல்லா அப்பாமாருக்கும்" என்று சேர்த்து எடுத்துவிட்டால் என்ன? ஒரு தனி நாள் லீவு போட்டுப் பேரை, அதாவது அன்றைய நாள் சம்பளத்தை, இழக்க வேண்டியதில்லை. மனைவி கேட்டு அவர் போகிறார் என்ற சண்டையும் இல்லை, கிளினிக் வழக்கம் என்று முடிந்துவிடும்.

பேர் என்பது லேசான விஷயம் இல்லை. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்து நுவரெலியாவுக்குப் போய் வர ஒரு நாள் முழுக்க வேண்டும். அன்றைய பேர் போகும், பஸ் காசு போகும், அதற்கு மேல் "எங்க போன?" என்று கேட்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஒரு பதில் தேட வேண்டும். டெஸ்ட் இலவசம் என்று சொல்வது பாதி உண்மைதான். ஆள் ஏற்கெனவே வந்து நிற்கிற இடத்திலேயே டெஸ்ட் இருந்தால்தான் அது உண்மையில் இலவசம்.

கொழும்புக்கு வேலைக்குப் போன பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அவங்களுக்குத்தான் முதல்ல பார்க்கணும்" என்று தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு கூட்டத்தைப் பொறுக்கி எடுத்தால், வழக்கமான பரிசோதனையின் உயிரே போய்விடும். தீபாவளிக்கு ஊருக்கு வந்த பையன் டிஸ்பென்சரிப் பக்கம் போனாலே பேச்சு கிளம்பும்.

சுவர் மெல்லிசு

லயத்தில் ஒரு காம்பிராவில் பேசினால் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். வைத்தியசாலையிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. மேசைக்கு ஒரு பக்கம் டொக்டர், மறு பக்கம் நோயாளி, பின்னால் முதுகை உரசிக்கொண்டு அடுத்த நாலு நோயாளிகள். சிங்களம் மட்டும் தெரிந்த தாதிக்கும் தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கும் நடுவில், பக்கத்துக் கட்டில் அக்காவைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். பேதிக்கு மருந்து கேட்க அந்த ஏற்பாடு போதும். எச்.ஐ.வி. டெஸ்ட் பற்றிப் பேச அது போதாது. அந்த அக்கா நம் தோட்டத்து அக்காவாக இருந்தால் பின்னேரத்துக்குள் கதை வீடு வந்து சேரும்.

ஆகவே இந்த டெஸ்டைப் பரவலாக்க நினைக்கிறவர்கள், கருவிகளை வாங்கும் முன் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். கதவு மூடுகிற ஒரு அறை. தமிழில் பேசத் தெரிந்த, வாய் காக்கத் தெரிந்த ஒரு ஊழியர். கிளினிக் கொப்பியில் எச்.ஐ.வி. என்று பளிச்சென்று எழுதாத பழக்கம். அந்தக் கொப்பி வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும், மாமியாரிலிருந்து மச்சான்வரை எல்லாரும் புரட்டுவார்கள்.

வதந்தி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2016இல் குளியாப்பிட்டியவில் ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று மற்றப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. என்று ஊரில் பரவிய கதைதான் காரணம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கல்வி உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. டெஸ்ட் எடுக்கத் தயங்குபவர் நோயைவிட இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் பயப்படுகிறார். அந்தப் பயத்தை 'அறியாமை' என்று சொல்லி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலையில் அடிக்கடி வருகிற ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அட்டைக் கடியால் எச்.ஐ.வி. தொற்றுமா? கொழுந்து மலையில் நாள் முழுக்க அட்டை ஏறுகிறது, ஒருவரைக் கடித்த அட்டை இன்னொருவரைக் கடித்தால்? அட்டைக் கடியால் யாருக்கும் எச்.ஐ.வி. தொற்றியதாகப் பதிவு எதுவும் கிடையாது. நுளம்பாலும் பரவாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலும், ஒரே பீலியில் குளிப்பதாலும் பரவாது. ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்த ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து பிள்ளைக்கு, வழிகள் இவ்வளவுதான்.

தொற்று உறுதியானால் என்ன? இலங்கையில் 2004இலிருந்து அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. முன்பெல்லாம் சிடி4 குறையும்வரை காத்திருப்பார்கள், இப்போது உறுதியானவுடனேயே ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரு குளிசை. ஒழுங்காகக் குடித்தால் சில மாதங்களில் இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இது ஆறுதல் வார்த்தை இல்லை, ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்காகக் கவனித்துக் கண்ட உண்மை. ஒருவரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது அவருடைய வீட்டையே காப்பாற்றுகிறது என்று சொல்வது இதனால்தான்.

வைத்தியசாலை கேட்கும்வரை காத்திருக்காமல் இப்போதே டெஸ்ட் எடுக்க நினைக்கிறவர்களுக்கு: நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் உண்டு. இலவசம், டொக்டரின் கடிதம் தேவையில்லை. விரலில் குத்திப் பார்க்கிற துரித டெஸ்ட் என்றால் இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயபரிசோதனைக் கருவியும் இருக்கிறது. அதில் பொசிட்டிவ் வந்தால் கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும், மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும். ஒரு சம்பவத்துக்குப் பயந்து போகிறவர்கள், அது நடந்து எத்தனை நாள் ஆகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தொற்றியவுடனேயே டெஸ்டில் தெரியாது. ஆய்வுகூடத்தில் செய்யும் நாலாம் தலைமுறை டெஸ்டுக்கு (வைரஸின் ஒரு பகுதியையும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) 45 நாள், துரித டெஸ்டுக்கும் சுயபரிசோதனைக்கும் 90 நாள் கழிந்திருந்தால்தான் 'நெகட்டிவ்' என்ற முடிவை முழுதாக நம்பலாம். அந்தச் சம்பவம் நேற்றோ முந்தாநாளோ நடந்திருந்தால் டெஸ்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 72 மணித்தியாலம் தாண்டுவதற்குள் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். தேவை என்று கண்டால் தொற்றைத் தடுக்கும் மருந்தை 28 நாளைக்குக் கொடுப்பார்கள். சனி, ஞாயிறு, போயா என்று கிளினிக் மூடியிருந்தால் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்க் கேளுங்கள், திங்கட்கிழமைவரை வைத்திருக்காதீர்கள்.